தாத்தாவின் பழைய டிராக்டர்: எதை விட்டுவைப்பது, எதைக் கழற்றுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். கோத்தகிரிப் பக்கம் உங்கள் ஊரில் தாத்தா ஓட்டிய மாசி பெர்குசன் 35 டிராக்டர் பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. தேயிலை எஸ்டேட் ஒன்றில் இருந்து பழையதாக வாங்கியது. அதைத் திரும்ப ஓட வைத்து, கண்ணுக்கு அழகாகவும் ஆக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். ஆனால் வண்டியில் கம்பெனி போடாத சங்கதிகள் நிறைய இருக்கின்றன. இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள். பின்னால் உயரத்தில் ஒரு கொக்கி, டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர், மூக்குக்கு முன்னால் ஒரு இரும்புத் தட்டு, மட்கார்டில் எதற்கென்றே தெரியாத இரண்டு ஆங்கிள் துண்டுகள், தலைக்கு மேல் குழாய் வைத்த கூரை, அகலமாகத் தள்ளி வைத்த பின்சக்கரங்கள். போதாக்குறைக்கு வண்டி முழுக்க நீல பெயின்ட். உங்கள் அண்ணன் எல்லாவற்றையும் கழற்றி ஒரிஜினல் ஆக்கு என்கிறார். மெக்கானிக்கோ இருக்கிறதை இருக்கிறபடி விடுங்க என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் உங்கள் குழப்பம்.

இரண்டு பேரும் எல்லா மாற்றத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறார்கள். அங்கேதான் சிக்கல். நான் குன்னூரில் பட்டறை வைத்திருந்தவன். எஸ்டேட் வண்டிகள், காய்கறிக்காரர்கள் வண்டிகள் என்று இந்த மலையில் ஓடிய டிராக்டர்களோடுதான் என் காலம் போனது. என் கணக்கு இதுதான்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் நின்று, இதை ஏன் செய்தார்கள் என்று கேட்க வேண்டும். மலை கேட்டதால் செய்ததா, சாமான் கிடைக்காததால் ஒப்பேற்றியதா? மலை கேட்டதால் செய்தது என்றால் அது இருக்கட்டும். அந்த வண்டி நீலகிரியில் உழைத்ததற்கு அதுதான் அத்தாட்சி. சாமான் இல்லாமல் ஒப்பேற்றியது என்றால் இன்றைக்குச் சாமான் கிடைக்கும், மாற்றிவிடலாம். ஆளைக் கொல்லக்கூடியது என்றால் மட்டும் யார் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள் என்ற பேச்சே கிடையாது, முதல் வேலையாக அது போக வேண்டும். இன்னொன்று, நான் பார்த்தது நீங்கள் போட்ட படங்களை மட்டும்தான். வெல்டிங் உள்ளே பிடித்திருக்கிறதா, வார்ப்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்பதெல்லாம் படத்தில் தெரியாது. எங்கே படத்தை வைத்து ஊகிக்கிறேனோ அங்கே அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் சொல்லும் ஒரிஜினல் எது என்று முதலில் பார்ப்போம். இந்த 35 மாடல் 1956-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்து பெர்குசன் 35 என்ற பெயரில் வந்தது. பானெட், மட்கார்டு எல்லாம் சாம்பல் நிறம், எஞ்சினும் கியர்பாக்ஸும் தங்கப் பழுப்பு. அடுத்த வருடக் கடைசியில் மாசி பெர்குசன் 35 என்று பெயர் மாறியபோது தகரம் சிவப்பாகி, அடிப்பாகம் சாம்பல் ஆனது. டீசல் வண்டியில் முதலில் இருந்தது ஸ்டாண்டர்டு கம்பெனியின் நாலு சிலிண்டர் எஞ்சின். குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதில் அது பேர் வாங்கியது. 1959 கடைசியில் பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்த பிறகுதான் இந்த மாடலுக்கு நல்ல காலம் பிறந்தது. 1960-ல் சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கிய பிறகு மாசி வண்டிகள் அங்கே செம்பியத்திலேயே தயாராயின. அவற்றில் உட்கார்ந்தது பெர்க்கின்ஸ் வடிவமைப்பில் சிம்சன் செய்த எஞ்சின். உங்கள் வண்டி கப்பலில் வந்ததா, செம்பியத்தில் பூட்டியதா என்று தெரியாமல் எந்த ஒரிஜினலுக்குத் திரும்புவது? படத்தில் இருப்பது மூன்று சிலிண்டர், அது உறுதி. அது வண்டியோடு பிறந்த எஞ்சினா, பின்னால் எஸ்டேட்காரர்கள் ஏற்றியதா என்பது எண்களைப் பார்த்தால்தான் தெரியும். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் பட்டியலில் ஒன்று மாற்றமே இல்லை. பின்சக்கரங்கள் அகலமாக இருப்பதைத் தாத்தா செய்த வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வகை வண்டியின் பின்சக்கரத்தில் நடுத்தட்டு வேறு, ரிம் வேறு. தட்டைத் திருப்பிப் போட்டு, ரிம்மை உள்ளேயும் வெளியேயும் மாற்றிப் பூட்டினால், இரண்டு சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை 48 அங்குலத்தில் இருந்து 76 அங்குலம் வரை நாலு நாலு அங்குலமாகக் கூட்டலாம், குறைக்கலாம். பெர்குசன் காலத்தில் இருந்தே கம்பெனி கொடுத்த வசதி இது. கரும்புக்கு ஒரு அகலம், பருத்திக்கு ஒரு அகலம் என்று கீழ்நாட்டில், அதாவது சமவெளியில், பயிருக்காக மாற்றுவார்கள். நம் ஊரில் சரிவில் வண்டி பக்கவாட்டில் சாயாமல் இருக்க அகலப்படுத்துவார்கள். ஆகவே அதில் கை வைக்க வேண்டாம். ரிம்முக்கும் தட்டுக்கும் இடையே யாராவது கூடுதலாகத் துண்டு இரும்பு வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அப்படி இருந்தால் அது கம்பெனி அகலத்தையும் தாண்டியது, பேரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் கேடு. டயரைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பழைய டயரில் 11-28 என்றும், கடையில் 12.4-28 என்றும் இருப்பது ஒரே அளவுதான், எழுதும் முறை மாறிவிட்டது. தாராளமாக வாங்கிப் போடலாம்.

இப்போது அந்தக் கொக்கி. கலப்பையின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் தண்டான டாப் லிங்க் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், சீட்டுக்குக் கீழே, தடிமனான கொக்கி ஒன்றை வெல்டிங் அடித்திருக்கிறது. மரம் இழுக்கவோ, சேற்றில் மாட்டிய லாரியை இழுக்கவோ செய்திருப்பார்கள். மட்கார்டு வளைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் மரம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அது என் ஊகம். காரணம் எதுவாக இருந்தாலும் இந்தக் கொக்கி நாளைக்கே போக வேண்டும். டிராக்டர் இழுக்கும்போது பின் ஆக்ஸிலைச் சுற்றி வண்டியே பின்பக்கம் புரளப் பார்க்கும். பாரத்தை ஆக்ஸிலுக்குக் கீழே, டிராபார் என்னும் இழுவைக் கம்பியில் மாட்டினால் அந்த இழுவைக்கு முன்பக்கத்தைத் தூக்கும் பலம் குறைவு. ஆக்ஸிலுக்கு மேலே மாட்டினால் அதே இழுவை முன்சக்கரங்களைத் தூக்கிவிடும். மேட்டில் ஏறும்போது வண்டி ஏற்கெனவே பின்பக்கம் சாய்ந்து நிற்பதால் தூக்குவதற்குக் கொஞ்சம் பலம் போதும். முன்சக்கரம் எழும்பியதை ஓட்டுகிறவர் உணர்ந்து கிளட்சை மிதிப்பதற்குள் வண்டி முதுகில் விழுந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கலப்பையை மூன்று இடத்தில் வண்டியோடு பிணைக்கும் மூன்று முனை இணைப்பை ஹாரி பெர்குசன் கண்டுபிடித்ததற்கு இந்த ஆபத்தும் ஒரு காரணம். அந்தக் காலத்து வண்டிகளில் கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால் வண்டி பின்னால் புரண்டு ஆளை நசுக்கிவிடும். அவர் அமைப்பில் கலப்பை சிக்கும்போது டாப் லிங்க் முன்பக்கமாகத் தள்ளி முன்சக்கரத்தைத் தரையில் அழுத்தும், பின்சக்கரம் வெறுமனே சுற்றும், வண்டி நின்றுவிடும். அப்படிப்பட்ட வண்டியில், அதே டாப் லிங்க் பக்கத்தில் கொக்கி வைத்து அந்தப் பாதுகாப்பு முழுவதையும் காலி செய்திருக்கிறார்கள். கிரைண்டரால் அறுக்கும்போது வார்ப்பு உடம்பில் படாமல் கொக்கியின் பக்கமாகவே அறுத்து, மிச்சத்தை அரத்தால் ராவி எடுக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் வார்ப்பைச் சூடாக்கினால் விரிசல் விடும். அறுத்த கொக்கியை வேண்டுமானால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வண்டியில் வேண்டாம்.

பிரேக் பெடல் விஷயம் இதைவிடச் சங்கடமானது, ஏனென்றால் அதைச் செய்தவரிடம் நியாயம் இருக்கிறது. இந்த டிராக்டருக்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். இடதுக்கு ஒரு பெடல், வலதுக்கு ஒரு பெடல். வயலில் வரப்பு ஓரம் திரும்பும்போது ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துக் கோக்க ஒரு சின்னக் கொக்கி உண்டு. அதைப் போட மறந்து, மலை ரோட்டில் இறக்கத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறங்கும், இல்லையென்றால் அப்படியே சாயும். தாத்தா காலத்தில் யாரோ மறந்திருப்பார்கள், அல்லது மறந்துவிடுவார்கள் என்று தாத்தா பயந்திருப்பார். சேர்த்து வெல்டிங் அடித்துவிட்டார். கீழ்நாட்டு மெக்கானிக் இதைப் பார்த்தால் சிரிப்பார், நான் சிரிக்க மாட்டேன்.

ஆனாலும் அந்த வெல்டிங்கை எடுக்கத்தான் சொல்வேன். இரண்டு பக்க பிரேக்கும் ஒரே அளவாகப் பிடிக்கிறதா என்று சோதிக்க பெடல்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு பக்க லைனிங் தேய்ந்து போயிருந்தாலும் சேர்ந்த பெடலில் அது தெரியாது, மிதித்தால் ஏதோ பிடிக்கிற மாதிரிதான் இருக்கும். அதனால் வெல்டிங்கை அறுத்துவிட்டு, இரண்டு பெடலிலும் ஓட்டை போட்டு, குறுக்கே ஒரு தட்டு வைத்து போல்ட் போட்டுப் பூட்டிவிடுங்கள். சோதிக்கும்போது போல்ட்டைக் கழற்றலாம், மற்ற நேரம் பூட்டியே இருக்கட்டும். தாத்தா எதற்காகச் செய்தாரோ அதுவும் காப்பாற்றப்படும், நாளைக்கு வேறு யாராவது வயலில் உழ வேண்டும் என்றால் அவர்களுக்கும் வழி இருக்கும்.

பிரேக்கைப் பிரிக்கும்போது ஆயில் சீலையும் பாருங்கள். இந்த வண்டியில் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், பின் ஆக்ஸில் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். சரிவில் குறுக்கே ஓட்டும்போதும், குறுக்கே நிறுத்திவைக்கும்போதும் எண்ணெய் பள்ளத்துப் பக்கம் போய்த் தேங்கும். அந்தப் பக்கத்து சீல் பழசாக இருந்தால் எண்ணெய் டிரம்முக்குள் கசிந்து லைனிங் ஊறிவிடும். ஊறின லைனிங் மிதித்தாலும் வழுக்கும். நம் மலை வண்டிகளில் ஒரு பக்க பிரேக் மட்டும் வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இங்கே ஒரிஜினலா இல்லையா என்ற கேள்வியே வேண்டாம். சீல், லைனிங், ஸ்பிரிங் எல்லாம் புதிதாகப் போடுங்கள். இந்த மாடலின் வாரிசுகள் நம் நாட்டிலேயே வெகுகாலம் தயாரானதால் இந்தச் சாமான்கள் கோவையிலேயே கிடைக்கும். அங்கே கிடைக்காத அபூர்வ சாமான் ஏதாவது இருந்தால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம்.

மட்கார்டில் இருக்கும் அந்த இரண்டு ஆங்கிள் துண்டுகளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விரல் நீளத்துக்கு ஆங்கிள் இரும்பு, எதிரும் புதிருமாக, நடுவில் ஒரு சாண் இடைவெளி, கீழே ஒரு தகடு. வெளிப்பக்கம் நீல பெயின்ட் அப்படியே இருக்கிறது, உள்பக்கம் மட்டும் தேய்ந்து துருப்பிடித்திருக்கிறது. அதற்குள் ஏதோ ஒன்று தினமும் போய் வந்திருக்கிறது. அது சக்கரத்துக்குப் போடும் கட்டை. மேட்டில் வண்டியை நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கீழே கட்டை போடாமல் இறங்கக் கூடாது என்பது இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். லாரி என்றால் கிளீனர் கட்டையோடு ஓடி வருவார், டிராக்டரில் ஏது கிளீனர்? ஓட்டுகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் கட்டை இருக்க வேண்டும் என்று யாரோ யோசித்து அந்தக் கூட்டைச் செய்திருக்கிறார். எந்த கம்பெனி கேட்லாக்கிலும் அது கிடையாது. அதை அறுத்து எறிந்துவிட்டு மட்கார்டை மழமழவென்று பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் வண்டி கண்காட்சிக்கு அழகாக இருக்கும், நீலகிரி வண்டியாக இருக்காது. கூடு இருக்கட்டும், நல்ல மரத்தில் புதிதாக ஒரு கட்டையும் செய்து வையுங்கள்.

முன்னால் இருக்கும் தட்டைக் கிழங்கு மூட்டை வைக்கச் செய்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மூட்டை வைத்தால் தகரம் தேயும், குழி விழாது. உங்கள் படத்தில் அடித்தகடு முழுக்கக் குழி குழியாக இருக்கிறது. அதில் கல்லைத்தான் ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பின்னால் கலப்பையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறும்போது முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. அதற்கு கம்பெனிகள் வார்ப்பு எடைக்கட்டிகள் விற்கின்றன. அது கிடைக்காத இடத்தில் கல். தட்டை முன் ஆக்ஸில் தாங்கியில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் போல்ட் போட்டுத்தான் பூட்டியிருக்கிறது, எங்கும் வெல்டிங் இல்லை. கழற்றினால் தழும்பே இருக்காது. செய்தவர் நல்ல வேலைக்காரர். இதை விட்டுவையுங்கள், ஆனால் கல் ஏற்ற வேண்டாம். முன் ஆக்ஸிலின் நடு முளையும் புஷ்ஷும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் எடையைப் பற்றிப் பேச வேண்டும்.

தலைக்கு மேல் இருக்கும் குழாய்க் கூரையைப் பற்றி உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லப் போகிறேன். பாதுகாப்புக்கு அது இருக்கட்டும் என்கிறீர்கள். மழைக்கும் வெயிலுக்கும் அது பாதுகாப்புதான், வண்டி புரண்டால் அல்ல. மட்கார்டுத் தகரத்தில் ஒட்டவைத்த தண்ணீர்க் குழாய் ஒன்றரை டன் வண்டியைத் தாங்காது, மடங்கி ஆள் மேலேயே விழும். உண்மையான புரள் தடுப்பு இரும்புச் சட்டம் என்பது கணக்குப் போட்டு, சோதித்துப் பார்த்து, பின் ஆக்ஸில் கூட்டில் போல்ட் போட்டுப் பூட்டுவது. அதோடு சீட் பெல்ட்டும் வேண்டும். பெல்ட் இல்லாமல் சட்டம் மட்டும் இருந்தால் ஆள் வெளியே வீசப்பட்டு அந்தச் சட்டத்துக்கே அடியில் சிக்கலாம். சுவீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயம் ஆக்கினார்கள். உங்கள் வண்டி சரிவில் வேலை செய்யப் போகிறது என்றால் ஒரிஜினல் கெடுகிறதே என்று பார்க்காமல் இந்தச் சட்டத்தைப் போட வேண்டும். சும்மா சமதளத்தில், ஊர் விசேஷத்துக்கு ஓட்டத்தான் என்றால் குழாய்க் கூரையைக் கழற்றிவிட்டு அப்படியே ஓட்டலாம். எது செய்தாலும் ஆக்ஸில் கூட்டில் வெல்டிங் வைக்க மட்டும் விடாதீர்கள், அது வார்ப்பிரும்பு.

எஞ்சினுக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள் இங்கேதான் இருக்கும், நீங்கள் கேட்காமல் விட்டதும் இதைத்தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உங்கள் ஊர் கொஞ்சம் தாழ்வு, அதனால் குறைவும் கொஞ்சம் கம்மியாக இருக்கும். டர்போ இல்லாத பழைய எஞ்சின் கிடைக்கிற காற்றைத்தான் உறிஞ்ச முடியும். சென்னையில் செட் செய்த டீசல் அளவு இங்கே காற்றுக்கு அதிகம், மிச்ச டீசல் கரும்புகையாகப் போகும், சிலிண்டர் சுவரில் எண்ணெயைக் கழுவிவிடும். விவரம் தெரிந்த பழைய எஸ்டேட் மெக்கானிக்குகள் எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பில் அதிகபட்ச டீசலைக் குறைத்து வைப்பார்கள். இப்போது நீங்கள் பம்பைக் கோவைக்குக் கொண்டுபோனால் அங்கே டெஸ்ட் பெஞ்சில் கம்பெனி அளவுக்குத் திரும்ப ஏற்றிக் கொடுப்பார்கள். அவர்கள் வேலையில் குறை இல்லை, நாம் சொல்லாததுதான் குறை. கொண்டுபோகும்போதே இது மலை மேல் ஓடும் வண்டி என்று சொல்லுங்கள், பிரிப்பதற்கு முன் இப்போதைய அளவை பெஞ்சில் ஏற்றிப் பார்த்துக் குறித்துத் தரச் சொல்லுங்கள். பம்பின் ஈய சீல் உடைந்திருப்பது யாரோ திறந்திருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் காட்டும். குறைத்தார்களா கூட்டினார்களா என்பது பெஞ்சில்தான் தெரியும்.

அடுத்து தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. வண்டி சூடானால் முதலில் அதைக் கழற்றி எறிவது நம் ஊர் மெக்கானிக்குகளின் பழக்கம். உங்கள் வண்டியிலும் இருக்காது என்று பந்தயம் கட்டலாம். கீழ்நாட்டில் அது இல்லாமல் எப்படியோ ஓட்டிவிடலாம், மலையில் அது இல்லாமல் எஞ்சின் சூடே ஏறாது. சூடு ஏறாத டீசல் எஞ்சினில் எண்ணெய் கெடும், லைனர் சீக்கிரம் தேயும். இதோடு சேர்ந்தது ரேடியேட்டர் மூடி. ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சரியான அழுத்த மூடி இருந்தால் அந்தக் கொதிநிலை மேலே ஏறும். உங்கள் வண்டியில் மூடிக்குப் பதில் ஏதோ ஒரு டப்பா மூடியைத் துணி சுற்றி அடைத்திருக்கிறது. கொதித்ததால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருப்பார்கள், கொதித்ததற்குக் காரணம் அந்த மூடியாகவே இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். இரண்டையும் கம்பெனி சாமானாகப் போடுங்கள், தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தா போல உங்கள் ஊர்ப் பள்ளத்திலும் டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும் என்றால், வெறும் தண்ணீர் உறைந்து பிளாக்கையே வெடிக்க வைக்கும். பல வருடமாக நிற்கும் வண்டி என்பதால் பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்பதையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அழுத்தம் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

தெர்மோஸ்டார்ட் என்று வேறொன்று உண்டு, பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் திருகியிருக்கும் சின்ன சூடாக்கி. பேட்டரி மின்சாரத்தில் கம்பி பழுத்ததும் சொட்டுச் சொட்டாக டீசல் இறங்கி அங்கேயே பற்றி எரியும், உள்ளே போகும் காற்று சூடாகும். உங்கள் படத்தில் அந்த இடத்தில் ஒரு டம்மி போல்ட் இருக்கிறது. சாமான் இல்லாமல் ஒப்பேற்றியதற்கு இது நல்ல உதாரணம். புதிது வாங்கிப் போடுங்கள், காலையில் ஸ்டார்ட் செய்ய வண்டியை இறக்கத்தில் தள்ள வேண்டியிருக்காது.

ஆல்டர்னேட்டர் இருக்கட்டும். டைனமோ மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏற்றாது, மூடுபனியில் விளக்கைப் போட்டுக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்து வருகிறவருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. போல்ட்டில் பூட்டியதுதான், என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பலாம். ஒன்றே ஒன்று, இந்தப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டர் போட்டவர்கள் அதை நெகட்டிவாக மாற்றியிருக்க வேண்டும். பேட்டரி மாட்டுவதற்கு முன் வயரைத் தொடர்ந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தலைகீழாக மாட்டினால் ஆல்டர்னேட்டர் அந்த நொடியே போய்விடும். டைனமோவும், அதற்கும் பேட்டரிக்கும் இடையே இணைப்பைத் துண்டிக்கும் கட்-அவுட் என்ற சாமானும் கொட்டகையில் எங்காவது கிடந்தால் பத்திரப்படுத்துங்கள்.

நீல பெயின்ட் பற்றி எனக்குப் பிடிவாதம் எதுவும் இல்லை. எதையும் சுரண்டுவதற்கு முன் பேட்டரி தட்டுக்கு அடியிலும், நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் தண்ணீர்ப் பேப்பரால், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால், ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தேய்த்துப் பாருங்கள். மரத்தின் வளையம் போல அடுக்கு அடுக்காக நிறம் தெரியும். அடியில் சாம்பலும் தங்கப் பழுப்பும் வந்தால் உங்களிடம் இருப்பது 1956, 57 வண்டி. அப்போது மூன்று சிலிண்டர் எஞ்சின் நிச்சயம் பின்னால் ஏற்றியது. சிவப்பு வந்தால் சிவப்பே அடிக்கலாம். தாத்தா நீலத்தில்தான் ஓட்டினார், ஊர் முழுக்க நீல வண்டி என்றுதான் சொல்வார்கள் என்றால் நீலத்தையே அடிப்பதிலும் தப்பில்லை, ஒரு மூலையில் அடுக்குகளை அப்படியே விட்டுவையுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். சேகரிப்பவர்கள் பெரும்பாலும் கம்பெனி நிறத்துக்கும் பொருந்தும் எண்களுக்கும்தான் பணம் கொடுப்பார்கள், கட்டைக் கூட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். நீங்கள் விற்கப் போவதில்லை என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவும் சொன்னேன். மணல் பீச்சித் துருவை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் பானெட்டுக்கு மட்டும் வேண்டாம். மெல்லிய தகரம் நெளிந்துவிடும், எஞ்சின் பக்கம் மணல் புகுந்தால் செலவு அதோடு நிற்காது.

காகித விஷயத்தில் நான் வக்கீல் இல்லை, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எஞ்சின் மாறியிருந்தால் அது ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2021-ல் பழம்பெரும் வாகனங்களுக்கென்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது, 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அதில் பதிவு செய்யலாமா என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அது சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வாகனங்களையும் கார்களையும் மனதில் வைத்துச் செய்தது, டிராக்டருக்கு அந்தக் கதவைத் தட்ட வேண்டாம். உங்கள் பழைய பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதை ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்கும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். முதலில் கழுவாதீர்கள். எங்கே எண்ணெய் கசிந்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்பதை அழுக்குதான் சொல்லும். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். கழற்றிய எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், சீட்டு எழுதிக் கட்டி ஒரு பெட்டியில் வையுங்கள். கொக்கி, பிரேக், ஆக்ஸில் சீல், டயர் இவை முடியும் வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையைக் கட்டிவையுங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் யாராவது ஒருவர் ஏறி ஓட்டிப் பார்ப்பார், பிரேக் இல்லாத வண்டியில். எஸ்டேட்டிலோ, தாத்தாவிடமோ அந்த வண்டியை ஓட்டியவர் யாராவது ஊரில் இருந்தால் மெக்கானிக்குக்கு முன்னால் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போங்கள். நான் கல் என்று ஊகித்த தட்டில் உண்மையில் என்ன இருந்தது என்று அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்.

டாஷ்போர்டில் ஒரு சின்னத் தகடு ஆணி அடித்திருக்கும். அதில் இருக்கும் எண், எஞ்சின் பிளாக்கில் குத்தியிருக்கும் எண், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் இரண்டு எண்கள், இவை நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிட்டு இங்கேயே போட்டாலும் போதும், எஞ்சின் எந்தக் காலத்தது என்று பார்த்துச் சொல்கிறேன். சிவப்பா சாம்பலா என்ற முடிவை அதுவரை தள்ளி வையுங்கள்.